சிற்றிலும் சிறுவர் உள்ளமும்

தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் பிள்ளைத்தமிழை அறியாத தமிழ் மாணவர் இரார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களும் ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டற்கும் பொதுவாவன. எஞ்சிய மூன்றனுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெண்பாற்கும் உரியன. மூன்றாந் திங்களில் காப்பு, ஐந்தாந் திங்களில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம் என இவ்வாறே ஒற்றைப்படைத் திங்களாக ஏறிச்சென்று இருபத்தொன்றாந் திங்களில் சிறுதேர் பாடுதல் ஒரு முறை. இவையனைத்தையும் வினாத்தாளில் பிழையின்றி எழுதத்தக்கவாறு யான் நெட்டுருச் செய்திருந்தேன்.

இத்துணையும் மனத்திலிருத்திய யான், சென்ற கோடை விடுமுறையில் திருமங்கலத்தில் எம் இல்லத்து முற்றத்திலே ஒரு சிற்றிலை மிதித்தழித்தேன். பின்புறச் சுவரைப் பழுதுபார்ப்பதற்கென்று இறக்கியிருந்த மணற்குவியலில், நான்கு வயதினனாகிய என் தமக்கை மகன் காலை முதல் ஏதோ கட்டிக்கொண்டிருந்தான். சிரட்டையால் மணலை அளந்து கவிழ்த்து, வேப்பங்குச்சிகளை வரிசையாக நட்டு, உடைந்த வளையற்றுண்டு ஒன்றினை வாயிலாக வளைத்து வைத்திருந்தான். மாலையில் சாத்தூரினின்றும் உறவினர் சிலர் வந்தனர். வந்தவர் பிள்ளையைக் காண விரும்பினர். யான் விரைந்து சென்று, "வாடா, உள்ளே போகலாம்" என்று அவனைத் தூக்கினேன். அவன் திமிறினான். செருப்புக் காலோடு யான் திரும்பி நடந்த வழி அம்மணல் வீட்டின் மேலாயிற்று. உள்ளே கொணர்ந்து நிறுத்தியவுடன் வந்தவருள் மூத்த அம்மையார் ஒருவர், "பாட்டிக்கு ஒரு முத்தங் கொடு" என்றார். அவன் வாளா நின்றான். "கொடுக்காவிட்டால் மிட்டாய் கிடையாது" என்றார் மற்றொருவர். யான் அவன் தலையைப் பிடித்து அவ்வம்மையாரின் கன்னத்தருகே சாய்த்தேன். எல்லாரும் நகைத்தனர். அவன் அழவில்லை, அழுதிருப்பின் எனக்கு அது எளிதாயிருந்திருக்கும். என்னை ஒருமுறை நிமிர்ந்து நோக்கிவிட்டு, என் அன்னையாரின் சேலைத் தலைப்பிற்குள் போய் மறைந்தான். அன்றுமுதல் மூன்று நாள் அவன் என்னிடம் வரவில்லை.

அம் மூன்று நாளும் யான் பிள்ளைத்தமிழை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இம்முறை தேர்வுக்கென்று படிக்கவில்லை. படித்தபொழுது என் கண்ணிற் பட்டவற்றையே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

முதற்கண் சிற்றிற் பருவத்தைக் காண்போம். தெருவிலே சிறுமியர் மணலாற் சிறு வீடு கட்டி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் காலால் அதனைச் சிதைக்க வருவான். சிதைக்கவேண்டா என்று சிறுமியர் இரந்து நிற்பர். பத்துப் பாடலும் இதுவே பொருளாக அமையும். இதில் நாம் எளிதில் கவனியாது விடுவது ஒன்றுண்டு. சிதைக்க வருபவன் கடவுளாகவோ அரசனாகவோ இருத்தலின், புலவர்க்கு அவன் பக்கமே நின்று பாடுதல் இயல்பாம். ஆயினும் அப் பருவத்திற் புலவர் வாய் கட்டியவர் வாயாகவே இருக்கின்றது. மணல் வீடுதானே, போனாற் போகட்டும் என்று எப்புலவரும் பாடினாரல்லர். எம் ஊரினின்றும் கல்லுப்பட்டி வழியாகத் தெற்கே செல்லும் சாலை திருவில்லிபுத்தூரை அடைகின்றது. அவ்வூர் ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் இரண்டாந் திருமொழி முழுவதும் இச் சிற்றிலைப் பற்றியதே. ஒரு பகல் முழுதும் குனிந்திருந்து உழைத்த களைப்பை அச்சிறுமியர் அதில் எடுத்துரைக்கின்றனர். விளையாட்டு என்று பெரியோர் பெயரிட்டு ஒதுக்குவது சிறுவர்க்கு உழைப்பாகின்றது. எம் வீட்டுச் சிறுவன் காலைமுதல் மாலைவரை உழைத்ததை யான் அரை நொடியில் அழித்தேன். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒருவன் அவ்வாறு இடித்திருப்பின் ஊர்ப் பெரியவரைக் கூட்டியிருப்போம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். பிள்ளைத்தமிழிற் பாடப்பெறும் குழந்தை தெய்வமன்றோ? தெய்வத்தினிடம் கெஞ்சுவது பத்தி; அதனைக் கொண்டு தெருப்பிள்ளையினிடம் பேசும் முறைக்கு இலக்கணம் வகுக்கலாமோ? என்னோடு பயிலும் நண்பர் ஒருவர் இவ்வாறே வினவினார். வினா நேர்மையானதே. ஆயின் புலவர்கள் இம்மொழியை எங்கே கற்றனர்? செங்கீரை ஆடும் குழந்தையும் சப்பாணி கொட்டும் குழந்தையும் கோயிற் கருவறையிலா காணக் கிடைக்கும்? முற்றத்திலும் அடுக்களையிலும் தாய்மார் பேசிய பேச்சைக் கேட்டன்றோ அவர்கள் விருத்தமாக்கினர். சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் ஒருவர்பின் ஒருவராக இவ்வகை நூலைப் பாடியதற்கும் அதுவே காரணமாகலாம். தாலாட்டுக்குச் சமயவேறுபாடு இல்லை.

நிற்க. முத்தப் பருவத்தையும் வருகைப் பருவத்தையும் இனிக் காண்போம். இவ்விரண்டிலும் வினைச்சொல் ஒரு வேண்டுகோளாகவே முடிகின்றது: 'முத்தம் தருக', 'வருக' என்பன அவை. பத்துப் பாடல் பாடியும் குழந்தை முத்தம் தந்ததாகவோ வந்ததாகவோ புலவர் சொல்வதில்லை. கேட்டல் மட்டுமே அவர் தொழில். தருதல் குழந்தையின் உரிமை. மதுரையிலே திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) குமரகுருபர அடிகள் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபொழுது நிகழ்ந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. அம்மையே அர்ச்சகரின் சிறுமகள் வடிவில் வந்து, மன்னர் மடிமீது அமர்ந்து கேட்டு, அவர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிவித்து மறைந்தாள் என்பர். அதன் மெய்ம்மையை ஆராய்வது என் நோக்கமன்று. கதை கட்டியோர் குழந்தையின் இயல்பை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதே எனக்கு வியப்பு. அச்சிறுமியை எவரும் தூக்கிவந்து அவையிலே நிறுத்தவில்லை. தானே வந்தாள், விரும்பிய மடியில் இருந்தாள், விரும்பியவர்க்குக் கொடுத்தாள், வேண்டியபொழுது போனாள். குமரகுருபரர் தாமும் ஐந்து வயதுவரை பேசாதிருந்தவர் என்று அவர் வரலாறு கூறும். பேசாத பிள்ளையின் மனத்தைப் பேசாதிருந்த பிள்ளையே நன்கறியும் போலும்.

நம் இல்லங்களில் நிகழ்வதோ வேறு. விருந்தினர் வந்தால் குழந்தை கைம்மாறிக் கைம்மாறிச் செல்ல வேண்டும். கன்னத்தைக் கிள்ளினால் நகைக்க வேண்டும். முத்தம் கேட்டால் கொடுக்க வேண்டும். மறுக்குங் குழந்தைக்கு 'வெட்கம்', 'பிடிவாதம்', 'மரியாதையில்லை' என்னும் பெயர்கள் காத்திருக்கின்றன. அன்பினாலேயே இவை செய்யப்படுகின்றன என்பதை யான் மறுக்கவில்லை. சாத்தூர் அம்மையாரும் அன்புடையவரே. ஆயினும் சிறுவரைப் பாலியற் குற்றங்களினின்றும் காக்கும் சட்டம் நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. தமக்கு ஒவ்வாத தொடுதலை மறுக்கவும், 'வேண்டா' என்று உரக்கக் கூறவும், நம்பத்தக்கவரிடம் போய்ச் சொல்லவும் பள்ளிகளில் இன்று சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். பள்ளியிற் காலையிற் கற்ற 'வேண்டா' என்னும் சொல்லை மாலையில் வீட்டில் வழங்கிய குழந்தையை நாம் தலையைப் பிடித்துச் சாய்த்தால், அது எந்தப் பாடத்தை மெய்யென்று கொள்ளும்? உறவினர்முன் செல்லாத சொல் அயலார்முன் செல்லும் என்று அக்குழந்தை எதனைக் கொண்டு நம்பும்? இதனை எண்ணியபொழுதுதான், நகைத்துக் கழித்த அம் மாலைப்பொழுது எனக்குப் பெருஞ்சுமையாயிற்று. கைகூப்புதலும் வணக்கஞ் சொல்லுதலும் இருக்க, மரியாதை கற்பிப்பதற்கு முத்தமா வழி?

இனி விருப்பங்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். குழந்தையின் விருப்பத்தை அறிந்து ஒழுகுதல் என்றவுடன், கேட்டதெல்லாம் கொடுத்துக் குட்டிச்சுவராக்குதலோ என்பர் பெரியோர். இதற்கு விடை அம்புலிப் பருவத்திற் கிடைக்கின்றது. பிள்ளைக்கவி பாடுவோர்க்கு அம்புலியே புலி என்பது புலவரிடை வழங்கும் பேச்சு. அத்துணைக் கடினமானது அது. வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் அழைத்தல் அப்பருவத்தின் மரபு. நீயும் இக்குழந்தையும் ஒப்பு என்று நிலவைப் புகழ்வர். நீ இதற்கு ஒப்பாகாய் என்று வேற்றுமை காட்டுவர். வந்தால் இன்ன பேறு பெறுவாய் என்பர். வாராவிடின் இன்ன துன்பம் நேரும் என்று அச்சுறுத்துவர். இந்நான்கும் எவரை நோக்கியவை? நிலவை நோக்கியவை! குழந்தையைப் புகழ்ந்து ஏய்க்கவுமில்லை, பிற குழந்தையோடு ஒப்பிட்டு இழித்துரைக்கவுமில்லை, மிட்டாய் காட்டி விலைபேசவுமில்லை, அச்சுறுத்தவுமில்லை. எம் வீட்டு விருந்தில் இந்நான்கும் கால் நாழிகைக்குள் அச்சிறுவன்மீது செலுத்தப்பட்டன.

நிலவு வருவதில்லை, அது குழந்தைக்கும் விரைவில் தெரிந்துவிடும். எனினும் தன் விருப்பம் நகைக்கப்படவில்லை என்பதும், பெரியவர் ஒருவர் தன்னோடு நின்று வானத்தை நோக்கினார் என்பதும் அதற்குக் கிடைக்கின்றன. கொடுக்க இயலாததைக் கொடுக்க இயலாது என்றே சொல்லலாம். கேட்டது குற்றம் என்று சொல்லவேண்டுவதில்லை. தட்டிலே நீர் வார்த்து நிலவைக் காட்டும் தாயையும் நான் குறைகூறேன். நீர் என்பது குழந்தைக்குத் தெரியும். கையை விட்டுக் கலக்கிப் பார்த்து அதுவே நகைக்கும். கடைக்குப் போகலாம் என்று சொல்லி ஊசி போடும் இடத்திற்குக் கொண்டுசெல்வதுதான் பொய். கப்பலூர்த் தொழிற்பேட்டைக்கு விடியலிற் பேருந்தேறும் தாய்மார் பலர், குழந்தை விளையாட்டில் ஆழ்ந்திருக்கும்பொழுது பின்வாயிலால் மெல்ல நழுவுவதைக் கண்டிருக்கின்றேன். அழுகையைக் காணப் பொறாத உள்ளமே அவ்வாறு செய்விக்கின்றது. ஆயின் பிறகு அக்குழந்தை நாள் முழுதும் வாயிலையே நோக்கி நிற்பதையும், மறுநாள் தாயின் சேலையை ஒரு கணமும் விடாதிருப்பதையும் அவர்கள் கண்டிலர். போய்வருகிறேன் என்று சொல்லிச் சென்றால் அழும், அழுது ஓயும், மாலையில் வருவாள் என்பதையும் சின்னாளிற் கற்றுக்கொள்ளும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதாகப் புறநானூற்றில் 188ஆம் பாட்டு இருக்கின்றது. பெருஞ்செல்வம் படைத்த வேந்தன், நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து மகிழ்கின்றான். அக்குழந்தை இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்கின்றான். கையைத் தடுக்கவில்லை, வாயைத் துடைக்க எவரையும் அழைக்கவுமில்லை. இன்று கைப்பேசியைக் கண்முன் நிறுத்தி, குழந்தை அதில் மயங்கியிருக்கும்பொழுது வாயிற் சோற்றைத் திணிக்கின்றோம். பசித்ததா, போதுமா என்று அதன் வயிறு சொல்வதை அக்குழந்தையே கேட்க இயலாதபடி செய்கின்றோம். பாண்டியனுடைய அரண்மனையில் தரையைக் கழுவ ஆளிருந்தனர் என்று என் தமக்கை கூறினார். அதுவும் உண்மையே, ஒத்துக்கொண்டேன்.

அச்சத்தைக் குறித்து எழுதாமல் இக்கட்டுரையை முடித்தல் தகாது. பூச்சாண்டி, பிள்ளை பிடிப்பவன், போலீஸ்காரர், ஊசி போடும் மருத்துவர் ஆகிய நால்வரும் எம் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஊதியமில்லாத வேலையாட்கள். துணைக்கு ஓடவேண்டிய காவலரையும் மருத்துவரையும் கண்டே குழந்தை நடுங்குமாறு நாமே செய்துவிடுகின்றோம். அச்சமென்பது சிறுவர்க்கு எத்தன்மையது என்பதனைச் சங்கப் புலவர் ஒருவர் கண்டு சொல்லி, அதனால் உயிர் காத்தார். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், பகைவனாகிய மலையமானின் சிறுமக்களை யானைக் காலில் இடத் துணிந்தான். அவைக்கண் நின்ற கோவூர்கிழார் அரசனுடைய குலத்தின் அருளையும், அம்மக்களுடைய குலத்தின் கொடையையும் கூறினார். பிறகு அச்சிறுவரையே சுட்டிக்காட்டினார். யானையைப் பார்த்தவுடன் அவர்கள் அழுகையை மறந்துவிட்டனர். பழகாத மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்கின்றனர். இதுவரை அறியாத துன்பம் ஒன்று அவர்தம் முகத்திலுள்ளது என்றார். புறநானூற்று 46ஆம் பாட்டு இது. மக்கள் பிழைத்தனர். கொல்லவந்த யானையையே வேடிக்கை பார்க்கும் குழந்தை, தீங்கு செய்யாத கூட்டத்தைக் கண்டு அஞ்சுகின்றது! நாம் அஞ்சுவதை அது அஞ்சுவதில்லை. நாம் பொருட்படுத்தாதது அதற்குப் பேரச்சமாகின்றது. 'இதற்குப் போயா அழுகிறாய்?' என்று கேட்கும் நாவை அடக்குதற்கு இப்பாட்டொன்றே எனக்குப் போதுமானதாயிற்று. புது முகங்கள் நிறைந்த எம் வீட்டுக் கூடமும் அன்று அவனுக்கு ஒரு மன்றமாகவே இருந்திருக்கும்.

பழந்தமிழர் கண்டதனைப் பிற்காலத்தே முறையாக ஆராய்ந்தோருள் மரியா மாண்டிசோரி அம்மையார் தலையாயவர். இத்தாலிய நாட்டு மருத்துவராகிய இவர் 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் உரோமை நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் ஒரு சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு இடப்பெற்ற பெயரின் பொருள் 'குழந்தைகளின் வீடு' என்பது. சிற்றில் என்று நாம் மொழிபெயர்த்தாற் பிழையாகுமோ? இவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரிற் புகுந்தமையால் பகை நாட்டவராகக் கருதப்பட்டு இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை அவர் தங்கியது அந்நாளில் நம் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த கோடைக்கானலில். பல வயதுக் குழந்தைகள் ஒருங்கே பயிலும் சிறு பள்ளியொன்றை அங்கே நடத்தினார். போர்க்காலத்து மலைமேல் அயல்நாட்டு முதியவர் ஒருவர், இலைகளையும் புழுக்களையும் நோக்கிக்கொண்டிருந்த குழந்தைகளை நோக்கிக்கொண்டிருந்தார் என எண்ணுகையில் நம் மாவட்டத்தின்மேல் எனக்குப் பெருமிதம் உண்டாகின்றது.

அவ்வம்மையார் தம் நூலொன்றிற் கூறும் நிகழ்ச்சி ஒன்றை மட்டும் தருகின்றேன். ஒருநாள் அவர் குழந்தைகட்கு மூக்குச் சிந்தும் முறையைக் கற்பித்தார். கைக்குட்டையை எவ்வாறு பிடிப்பது, ஓசையின்றி எவ்வாறு சிந்துவது என்று மெல்லச் செய்துகாட்டினார். முடிந்தவுடன் குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர். அவர் முதலில் திகைத்தார், பின்னர் உணர்ந்தார். மூக்கொழுகுவதற்காக அக்குழந்தைகள் நாள்தோறும் வசை கேட்டவர்கள். எல்லார் முன்னிலையிலும் இழிவுபட்டவர்கள். இழிவு செய்யாமல் அதனை அவர்கட்குக் கற்பித்தவர் அதுவரை ஒருவருமில்லை. நான்கு வயதிலும் மானம் என்பது உண்டு.

உலக நாடுகளின் பேரவை 1989ஆம் ஆண்டு ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில், தன்னைப்பற்றிய செயல்களில் குழந்தை தன் கருத்தைக் கூறவும், வயதிற்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் உரிமையுண்டு என்று 12ஆம் பிரிவு கூறுகின்றது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளியில் உடலை வருத்துதலையும் மனத்தை நோவச்செய்தலையும் தடுத்துள்ளது. இவை நன்று. ஆயினும் வீட்டு முற்றத்து மணற்குவியலுக்குச் சட்டம் வந்து காவல் நில்லாது.

குழந்தையின் எல்லையை நாம் மதிப்பது போன்று, நாம் இடும் எல்லையையும் அது மதிக்க வேண்டாவோ எனின், வேண்டும். விருதுநகர்ச் சாலையில் லாரி வரும்பொழுதும், குண்டாற்றில் வெள்ளம் பெருகும்பொழுதும் குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு நிற்பார் எவருமிலர். கையைப் பற்றி இழுக்கவே வேண்டும். அவ்வாறு இழுத்தபின், ஏன் இழுத்தோம் என்று மண்டியிட்டு அமர்ந்து அதன் கண்ணொக்கச் சொல்லுதல் கூடும். உறுதியும் இழிவும் ஒன்றல்ல. என் அன்னையார் இதனை எந்நூலும் கல்லாமலே அறிந்திருக்கின்றார். அடுப்பண்டை வராதே என்று அவர் ஒருமுறை சொன்னால் அவன் வருவதில்லை. ஏனெனில் அவர் எதற்கெடுத்தாலும் 'வராதே' என்று சொல்பவரல்லர்.

மூன்றாம் நாள் மாலை, அவன் மீண்டும் மணற்குவியலில் இருந்தான். பழைய இடத்தை விட்டுச் சுவரோரமாகக் கட்டத் தொடங்கியிருந்தான். சுற்றிலும் குச்சியாற் கோடு கிழித்திருந்தான். யான் கோட்டிற்கு வெளியே தரையில் அமர்ந்தேன். அவன் நோக்கவில்லை. "அன்றைக்கு மாமா உன் வீட்டை மிதித்துவிட்டேன். தப்புத்தான்" என்றேன். சிரட்டை நிறைந்தது, கவிழ்ந்தது, மீண்டும் நிறைந்தது. நெடுநேரம் கழித்து, "மாமா உள்ளே வரலாமா?" என்று கேட்டேன். நட்டுக்கொண்டிருந்த வேப்பங்குச்சியை நட்டு முடித்துவிட்டு, என்னைப் பாராமலே, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றான்.

கழற்றி வைத்துவிட்டுச் சென்றேன்.